எனக்கு மிஞ்சிய ஒரே சொல்

வலது கையிலிருந்து மார்க்கர் நழுவி விழுந்ததுதான் முதல் அறிகுறி. வலி இல்லை, தலைசுற்றல் இல்லை. குனிந்து எடுக்கப் போனேன். விரல்கள் மார்க்கரைத் தொட்டன, பிடிக்கவில்லை. வேறு யாருடைய கையையோ என் தோளில் மாட்டிவிட்டது போலிருந்தது.

தென்காசியில், குற்றாலம் போகும் சாலையில் ஒரு கட்டடத்தின் மாடியில், பல வருடங்களாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தி வந்தேன். வளைகுடாவுக்குப் போகிறவர்கள், போலீஸ் தேர்வு எழுதுகிறவர்கள், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசக் கூச்சப்படும் அம்மாக்கள், கடைக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். அன்று மாலை பலகையில் எழுதியிருந்த சொல் ‘கெட்’.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் அது. மூன்றே எழுத்துள்ள வினைச்சொல். ஆனால் பெரிய குடும்பத்தின் மூத்த மருமகள் மாதிரி எல்லா வேலையும் அதன் தலையில்தான் விழும். கடையில் வாங்கினாலும் கெட், வேலை கிடைத்தாலும் கெட். நனைந்தால் கெட் வெட், நேரமானால் கெட் லேட், கல்யாணம் ஆனால் கெட் மேரீட். நீ சொல்வது புரியவில்லை என்பதற்கும் ‘ஐ டோண்ட் கெட் யூ’ என்றே சொல்லலாம்.

முன்வரிசையில் செண்பகம் உட்கார்ந்திருந்தாள். ரெடிமேட் துணிக்கடை வைத்திருப்பவள், வாய் சும்மா இருக்காது.

“மேடம், இந்த வெள்ளக்காரனுக்கு வேற வார்த்தையே கிடைக்கலியா?” என்றாள். வகுப்பு சிரித்தது.

‘பார்த்தாயா, அந்தக் கிடைக்கலியாவுக்கும் கெட்தான்’ என்று சொல்வதற்காகத் திரும்பினேன். “கெட்” என்றேன். அடுத்த சொல் வரவில்லை. மறுபடியும் முயன்றேன். “கெட்.” சிரிப்பு இன்னும் கூடியது. நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். செண்பகம்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். “ஏட்டி, மேடத்துக்கு வாய் கோணுது!”

அடுத்த அறையில் இருந்து அருள் ஓடிவந்தான். பிளஸ் டூ படிக்கும்போது என்னிடம் மாணவனாகச் சேர்ந்தவன். பிறகு என்னிடமே உதவி ஆசிரியராக இருந்தான். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, “சுகர் இறங்கிருக்கும்” என்று சொல்லி கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தான். அது என் வாயின் வலது ஓரமாக வழிந்து சேலையில் இறங்கியது. 108க்கு போன் போடச் சொல்லிச் செண்பகம் கத்தினாள். “மேடம் வீட்டு சார் வரட்டும், நாம பாட்டுக்கு எங்கயாவது கொண்டுபோய்ச் சேத்துட்டு நாளைக்கு யாரு பதில் சொல்லுதது?” என்றான் அருள். என் கணவர் ஞானராஜ் அன்று கடையத்தில் வயலில் இருந்தார். அவர் பைக்கில் வந்து சேரும்வரை நான் அந்த நாற்காலியிலேயே சாய்ந்து கிடந்தேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வாய் கோணினால், ஒரு கை சோர்ந்து விழுந்தால், பேச்சு குழறினால், யாருக்காகவும் காத்திருக்காதீர்கள். சோடாவும் கலரும் கொடுக்காதீர்கள். விழுங்கும் சக்தி போயிருக்கலாம், புரை ஏறும். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு கெடு உண்டு. தென்காசியில் ஸ்கேன் எடுத்து, அங்கிருந்து என்னைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அந்தக் கெடு முடிந்திருந்தது.

நரம்பியல் மருத்துவர் திரையில் ஒரு படத்தைக் காட்டி என் கணவரிடம் பேசினார். இஸ்கீமிக் ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு). இடது பக்க மூளை. அதனால் ஹெமிபரேசிஸ் (உடலின் ஒரு பாதி வலுவிழத்தல்). எனக்கு வலது பாதி. கூடவே அஃபேசியா (சொல்ல வேண்டியது மனதில் இருந்தும் சொல்லாக வெளிவராமல் போவது). ரத்த அழுத்த மாத்திரையை நான் நினைத்தால் போடுவதும் மறந்தால் விடுவதுமாக இருந்தது முக்கியக் காரணம் என்றார்.

“இனிமே ஒண்ணும் புரியாதா சார் அவளுக்கு?” என்று கேட்டார் என் கணவர்.

மருத்துவர் அவருக்குப் பதில் சொல்லாமல் என் கட்டிலருகே வந்து குனிந்தார். “அம்மா, நாங்க பேசுறது எல்லாம் உங்களுக்குப் புரியுது. சொல்லத்தான் வரல. எனக்குத் தெரியும்.”

நான் அழுதேன். அவர் நிமிர்ந்து, “இவங்கள வச்சுக்கிட்டே இவங்களப் பத்தி யாரும் பேசாதீங்க” என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த முதல் மருந்து அதுதான்.

என்னிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல். கெட். தண்ணீர் கேட்டால் கெட். ஃபேனை நிறுத்து என்றால் கெட். சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும், அடைப்பு வந்த நேரத்தில் வாயில் இருந்த சொல்லாகவும் அது இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். ஆனால் பரமண்டல ஜெபத்தை யாராவது ஆரம்பித்துவிட்டால் ஆமென் வரைக்கும் தட்டாமல் சொன்னேன். முடித்த கையோடு தண்ணீர் கேட்க வாய் திறப்பேன். கெட்.

இன்னொரு சொல்லும் தப்பியிருந்தது. நர்ஸ் ஊசிக்கு நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்திப் பார்த்தபோது அது தானாக வந்தது. “மூதி!” எங்கள் பக்கத்து வசவு. வகுப்பில் ஒருநாளும் நான் சொன்னதில்லை. என் கணவர் சந்தோஷம் தாங்காமல் வெளியே ஓடி மருத்துவரையே கூட்டிவந்தார். “சார், அவ வையுதா சார்! நல்லா வையுதா!”

வீட்டுக்கு வந்த பிறகு அவர் என் ‘கெட்’களைப் படிக்கக் கற்றுக்கொண்டார். இழுத்துச் சொன்னால் பசி. வெடுக்கென்று சொன்னால் வேண்டாம். தாழ்ந்த குரலில் வந்தால் கழிவறைக்குப் போக வேண்டும். பட்டாளத்தில் பாதி வாழ்க்கை ஒற்றைச் சொல் உத்தரவுகளுக்கு நடந்தவர், அதனால் அவருக்குச் சுலபமாக இருந்ததோ என்னவோ. அவருடைய அக்கா லில்லி மைனிக்குத்தான் வசப்படவில்லை. நான் “கெட்” என்றதும், “என்னலே கெட்டுப் போச்சுங்கா? பாலா? ஏலே ஞானம், பிரிஜ்ஜத் திறந்து பாரு” என்று வீட்டையே புரட்டுவார். எனக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பும் ஒரு பக்கமாகத்தான் வந்தது.

அப்படிப்பட்ட ஒரு நாளில் அருள் வீட்டுக்கு வந்தான். ஒரு பை நிறைய ஆப்பிள். என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“மேடம், எங்க, எதாவது பேசுங்க பாப்போம்.”

வகுப்பு எப்படிப் போகிறது, போலீஸ் தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்குக் கட்டுரைப் பயிற்சி கொடுத்தாயா என்று கேட்க நினைத்தேன். “கெட். கெட்… கெட் கெட்…” வாயோரம் எச்சில் இறங்கியது. துடைக்க வலது கையைத் தூக்கப் பார்த்துத் தோற்றேன். அழுகை வந்தது. அவன் கைபேசியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தான். ஏதோ செய்தி பார்க்கிறான் என்று நினைத்தேன்.

மறுநாள் அது என் மாணவர்களின் வாட்ஸாப் குழுவில் இருந்தது. நான், என் எச்சில், என் நைட்டி, என் கெட் கெட். கீழே ஒரு வரி: ‘நம் மேடத்துக்காகப் பிரார்த்திப்போம். வகுப்புகள் வழக்கம்போல் அருள் சாரிடம் நடைபெறும்.’ அதற்கும் கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். கெட் வெல் சூன் மேடம். கெட் வெல் சூன். கெட் வெல் சூன். அந்த இடத்தில் ‘கெட்’ என்றால் ஆகு என்று பொருள் என நானே கற்றுக் கொடுத்தது.

குழுவோடு அது நிற்கவில்லை. பிசியோதெரபிக்குப் போன இடத்தில் அறிமுகமில்லாத இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். “அந்த கெட் டீச்சர்லா?” எங்கள் தெருவில் ஒரு சின்னப் பெண் ஐஸ் கேட்டு அடம்பிடிக்கும்போது வாயைக் கோணிக்கொண்டு “கெட், கெட்” என்றாள். அவள் அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். குழந்தையின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

என் கணவர் வீடியோவைப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டினார். “அவன் கைய ஒடிச்சிட்டு வந்துருதேன்.”

இடது கையால் அவர் சட்டையைப் பிடித்தேன். “கெட்” என்றேன், வெடுக்கென்று. அவருக்குப் புரிந்தது, வேண்டாம் என்கிறேன் என்று. எதற்கு வேண்டாம் என்பது புரியவில்லை. நான் அவனை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். அவனைப் பழிவாங்குவது எனக்குச் சேரவேண்டியது. வேறொருவர் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை. இதைச் சொல்ல என்னிடம் சொல் இல்லை, அவ்வளவுதான்.

மாலைகளில் ஆட்டோவில் பிசியோதெரபிக்குப் போகும் வழி அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போகும். ஒருநாள் வாசலில் பெயர்ப்பலகை மாறியிருந்தது. என் பெயர் இருந்த இடத்தில் அவன் பெயர். ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு, “நாளைக்கு வேற ரோட்ல போவமா, டீச்சர்?” என்றார். தலையை ஆட்டி மறுத்தேன். தினமும் அந்த வழியாகவே போனேன். ஒருநாள்கூட அந்தப் பலகையைப் பார்க்காமல் தலையைத் திருப்பியதில்லை.

நோயாளிகளுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் மன்னிப்பு நிறைய இருக்கும். மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். எங்கள் போதகரும் வந்து அதைத்தான் சொன்னார். உங்களுக்கு அது உதவினால் நல்லது. அருள் என்னை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாததை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். பயந்துபோனான், புத்தி வேலை செய்யவில்லை. ஆனால் அந்த வீடியோ பயத்தில் எடுத்ததில்லை. அதை மன்னிக்க எனக்குத் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. காலையில் கண் விழித்ததும் எழுந்து உட்காருவதற்கு எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அது இருந்தது.

மருத்துவருக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. “கோபத்தக் கொறைங்கம்மா, பிரஷர் ஏறும்” என்றார். நான் கோபத்தைக் குறைக்கவில்லை. அதற்குப் பதிலாக மாத்திரையைத் தவறவிடுவதை நிறுத்தினேன். உப்பைக் குறைத்தேன். அருளைப் பார்த்து நான் பேசும் நாள் வரைக்குமாவது இந்த ரத்தக் குழாய்கள் தாங்க வேண்டும் அல்லவா?

பேச்சுப் பயிற்சி தர வந்தவள் ஷீபா. புனலூர்க்காரி. செங்கோட்டை தாண்டி வந்து எங்கள் பக்கத்து நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் போவாள். அவள் தமிழில் பாதி மலையாளம். முதல் நாளே அவளிடம் எனக்குப் பிடித்தது, நான் ‘கெட்’ என்றதும் முகத்தில் இரக்கம் காட்டாமல், “சரி, அது உண்டு. வேற எந்தா இருக்கு பாப்போம்” என்றதுதான்.

பேச்சு வராதவர்களுக்குப் பாட்டு வருவதுண்டு என்று விளக்கினாள். பாட்டும் ராகமும் மூளையின் மறுபக்கத்தையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுமாம். அதனால் சொற்களை ராகமாக இழுத்து, ஒவ்வொரு அசைக்கும் இடது கையால் தொடையில் தட்டச் சொன்னாள். தண்-ணி வே-ணும். பாடினேன், தட்டினேன், தட்டினேன். “கெட் வே-ணும்” என்று வந்தது. ‘வேணும்’ எனக்கு இப்படித்தான் திரும்பக் கிடைத்தது. அன்று வீட்டில் பாயசம் வைத்தார் லில்லி மைனி.

‘தண்ணி’ வந்தது. ‘போதும்’ வந்தது. ‘ஞானம்’ வந்தது, அதைக் கேட்டுவிட்டு என் கணவர் பின்கட்டுக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார்.

ஒருநாள் ஷீபா, “இப்ப டீச்சருக்கு எந்த வாக்கு வேணும்? டீச்சரே சொல்லு” என்றாள். வாக்கு என்றால் அவளுக்குச் சொல். காகிதத்தில் இடது கையால் ஒரு வாசல் வரைந்தேன். வாசலுக்கு வெளியே ஓர் ஆள். ஆளுடைய கையில் கைபேசி. அவள் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வீடியோவை அவளும் பார்த்திருந்தாள்.

“கெட் அவுட்?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“எண்ட டீச்சரே!” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, “தேஷ்யம் நல்லதுதான். தேஷ்யம் இருந்தா வாக்கு வரும்” என்றாள். தேஷ்யம் என்றால் அவர்கள் ஊரில் கோபம். “பாதி கையில இருக்கு. மிச்சப் பாதிதான் வேணும். வா, படிக்கலாம்.”

அந்த மிச்சப் பாதிக்கு எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது. ‘அவுட்’ என்பதில் நாக்குக்கு ஒரு வேலையும் இல்லை என்று நினைப்பீர்கள். வாயைத் திறக்க வேண்டும், குவிக்க வேண்டும், கடைசியில் நாக்கைப் பல்லோடு ஒட்ட வேண்டும். மூன்றையும் அந்த வரிசையில் செய்ய வேண்டும். என் வாய் குவிந்துவிட்டுத் திறந்தது. திறந்துவிட்டு மறந்தது. கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, எதிரே அருள் நிற்பதாக நினைத்துக்கொண்டு தட்டித் தட்டிச் சொன்னேன். தொடை கன்றிப்போனது.

சின்னச் சின்ன வாக்கியங்கள் வரத் தொடங்கியபின் ஒரு முடிவு செய்தேன். அருள் எப்போதாவது ஆப்பிளோடு எட்டிப்பார்ப்பான். அவன் முன்னால் மட்டும் “கெட்” என்பதைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. அவன் கேட்கும் எதற்கும் கெட். அவன் போன பிறகு, “போயிட்டான்… மூதி” என்பேன். என் கணவர் விழுந்து விழுந்து சிரிப்பார். எங்கள் இருவருக்கும் கல்யாணமான புதிதில்கூட இப்படி ஒரு கூட்டுச்சதி இருந்ததில்லை.

சாரல் தொடங்கிய நேரத்தில் அவன் ஓர் அழைப்பிதழோடு வந்தான். குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் அவன் வகுப்புக்கு ஆண்டு விழா.

“மேடம்தான் ஸ்பெஷல் கெஸ்ட். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா வந்து உக்காந்தாப் போதும். பிள்ளைங்களுக்கும் ஒரு இன்ஸ்பிரேஷனா இருக்கும்.”

“கெட்” என்றேன், கனிவாக.

ஷீபா எனக்குப் பேச்சு தயாரித்துக் கொடுத்தாள். வணக்கம். நான் பியூலா. என்னைக் கேட்காமல் அருள் வீடியோ எடுத்தான். அடுத்த வாரம் என் வீட்டில் வகுப்பு. கடைசியாக, அவனைப் பார்த்து, கெட் அவுட். அந்தக் கடைசி வரியில் என் கணவருக்கு உடன்பாடு இல்லை.

“அவன் விழா. அவன் வாடகைக்குப் பிடிச்ச மண்டபம். அதுல நின்னுக்கிட்டு அவனையே வெளிய போங்கியே, எப்படிட்டி?”

“போ…வான்” என்றேன்.

விழா அன்று தூறல் விடவில்லை. மண்டபம் முழுக்க ஈரக் குடைகளின் வாடை. பெற்றோர்கள், பழைய மாணவர்கள், எனக்குத் தெரிந்த முகங்கள். செண்பகம் கடையை மூடிவிட்டு வந்து முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைத் தாங்கிப் பிடித்து மேடையேற்றினார்கள். பொன்னாடை போர்த்தினான் அருள். பிறகு விளக்குகளை அணைக்கச் சொன்னான்.

பின்னால் இருந்த திரையில் நான் தெரிந்தேன். அதே நைட்டி. அதே எச்சில். சோகமான புல்லாங்குழல் இசையைச் சேர்த்திருந்தான். கெட். கெட்… கெட் கெட்… சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அடக்கிய சிரிப்புக்கு ஒரு சத்தம் உண்டு, எனக்கு அது நன்றாகப் பழகியிருந்தது.

விளக்கு வந்தது. “மேடத்தால பேச முடியாது. அவங்க மனசுல உள்ளத அவங்க சார்பா நானே சொல்லிருதேன்” என்று அருள் மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

நான் எழுந்தேன். வலது கால் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கூட வந்தது. இடது கையை நீட்டி அவனிடமிருந்து மைக்கை வாங்கினேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

தட்டல் அடங்கியது. வாயைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. வணக்கம் இல்லை. என் பெயர் இல்லை. பயிற்சி செய்த அத்தனையையும் யாரோ அள்ளிக்கொண்டு போனதுபோல் உள்ளே காலியாகக் கிடந்தது. பதற்றத்தில் இப்படி ஆகும் என்று ஷீபா எச்சரித்திருந்தாள்.

“கெட்” என்றேன்.

திரையில் கேட்ட அதே குரல். பின்வரிசைச் சிரிப்பு இப்போது அடங்கவில்லை. என் கணவர் எழுந்து நிற்பது தெரிந்தது. இடது கையில் மைக் இருந்ததால் தொடையில் தட்ட முடியவில்லை. இடது காலைத் தரையில் தட்டினேன். காத்திருந்தேன். மறுபடியும் தட்டினேன். ‘அவுட்’ கிடைக்கவில்லை. தேடிய இடத்தில் வேறொன்று கிடந்தது, எடுத்துவிட்டேன்.

“கெட்… டவுன்.”

அருள் பதறினான். “மேடத்துக்கு இறங்கணுமாம். யாராவது வந்து படியில கையப் பிடிங்க.”

“நீ” என்றேன்.



“நீ. கெட் டவுன்.”

அவன் இறங்கினான். ஏன் இறங்கினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. எத்தனையோ வருடம் என் குரல் கேட்டு எழுந்தவன், உட்கார்ந்தவன், வெளியே போய் நின்றவன். மூளைக்கு முன்னால் அவன் கால்களுக்கு என் குரல் எட்டிவிட்டது. படியிறங்கி முதல் வரிசைக்கு முன்னால் நின்று, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் என்னை நிமிர்ந்து பார்த்தான். அத்தனை பேர் பார்க்கப் பார்க்க நின்றான். அந்தக் காட்சியை நான் அவசரப்படாமல் பார்த்தேன். வாழ்க்கையில் அதைவிட ருசியான ஒன்றை நான் தின்றதில்லை.

பிறகு மற்ற வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. “நான்… பியூலா. அருள்… என்னக் கேக்காம… வீடியோ எடுத்தான். எனக்கு… வெக்கமா… இருந்துச்சு.” இந்தக் கடைசி வரி ஷீபா எழுதிக்கொடுத்ததில் இல்லை. “அடுத்த வாரம்… என் வீட்ல… வகுப்பு.”

முதலில் எழுந்தது செண்பகம்தான். “வீட்ல எங்கன மேடம்? கீழயா, மாடியிலயா?”

“மா…டி” என்றேன். கைதட்டல் எழுந்தது. அருளும் கை தட்டினான். தட்டாமல் இருக்க முடியாத இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

அவன் அந்த வீடியோவை அழித்துவிட்டான். ஆனால் அது இன்னும் யார் யாருடைய கைபேசிகளிலோ இருக்கிறது. ‘மன்னிச்சிருங்க மேடம்’ என்று செய்தி அனுப்பினான். இடது கையால் பதில் தட்டச்சு செய்ய எனக்கு இப்போது வரும். செய்யவில்லை. செய்தியை அழிக்கவும் இல்லை.

வகுப்புக்குப் பாதிப் பேர்கூட வரவில்லை. வந்தவர்களிலும் சிலர் என் வேகத்தைப் பொறுக்க முடியாமல் நின்றுவிட்டார்கள். மிஞ்சியவர்கள் அவசரமில்லாதவர்கள். நான் ஒரு சொல்லைத் தேடும்போது அவர்களும் சேர்ந்து தேடுகிறார்கள். சில நேரம் அவர்களுக்கு முதலில் கிடைத்துவிடுகிறது. பேச்சு முழுதாகத் திரும்பிவிடுமா என்று மருத்துவரிடம் கேட்டேன். “வந்தவரைக்கும் உங்களோடது. இனிமே வர்றது மெதுவா வரும்” என்றார். நான் கேட்டு முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருந்தார்.

இதேபோல் ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அதுதான். அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். அடுப்பில் பால் பொங்கினால் போய் அணைத்துவிட்டு வாருங்கள். அவர் அப்போதும் அந்த வாக்கியத்துக்குள்தான் இருப்பார்.

இந்தச் சீசனில் மருத்துவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பழைய குற்றாலம் அருவிக்குப் போனோம். என் கணவர் துண்டோடு வெளியே நின்றார். பெண்கள் பக்கம், ஓரத்தில், தண்ணீர் மெலிதாக விழும் இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடது தோள் உடனே சிலிர்த்தது. வலது தோளில் தண்ணீர் விழுவது கண்ணுக்குத் தெரிந்தது. குளிர் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது, வேறொரு ஊரிலிருந்து வருவதுபோல. முன்பெல்லாம் நான் ஒரே உடம்பாகத்தான் குளித்திருக்கிறேன். இப்போது ஒரு பாதி குளித்து முடித்துவிட்டு, மறுபாதி வந்து சேரக் காத்து நிற்கிறது. நின்றேன். வந்து சேர்ந்தது.

பக்கத்தில் ஒருத்தி முழங்கையால் இடித்தாள். “யக்கா, தள்ளுங்க. எவ்வளவு நேரமா நீங்களே நிக்கிய?”

சொல்ல வேண்டியது முழுதாக மனதில் இருந்தது. காலால் பாறையில் தட்டினேன். “நான்…” அவள் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். “இப்பதான்…” தலையை நனைத்தாள், முகத்தைத் துடைத்தாள், கூட வந்தவளைக் கூப்பிட்டாள். “வந்தேன்…” இருவரும் கைகோத்துக்கொண்டு வழுக்கும் பாறையைத் தாண்டி உடை மாற்றும் இடத்துக்குப் போய்விட்டார்கள். இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. நான் யாருக்காகவும் அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை. விழுகிற தண்ணீரைப் பார்த்துச் சொல்லி முடித்தேன்.

“தள்ள மாட்டேன்.”